ஆறில் ஒன்று மட்டும் இருமும்போது: ஜூனோ-106 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கட்டையை அழுத்துகிறீர்கள். நாதம் சுத்தமாக வருகிறது. அடுத்த கட்டை, அதற்கடுத்தது, எல்லாம் சரி. ஏதோ ஒன்றில் மட்டும் தொண்டையில் சளி கட்டியவர் பாடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. அந்தக் கட்டைக்கு அடியில் அழுக்கு இருக்கும் என்று நினைத்து, நாலைந்து ஸ்வரம் வாசித்துவிட்டு அதற்கே திரும்பி வந்தால் இப்போது பளிச்சென்று ஒலிக்கிறது. கரகரப்பு வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. பத்து நிமிடம் வாசித்தால் அது கீபோர்டு முழுக்க உலாவுவது தெரியும். பேய் பிடித்த கருவி என்றுதான் முதலில் தோன்றும்.

உண்மையில் எதுவும் உலாவவில்லை. இந்தக் கருவி ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம் ஒலிக்கும்; ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுப்பும் தனிச் சுற்றுக்குக் குரல் என்று பெயர். அந்த ஆறு குரலில் ஒன்று கெட்டிருக்கிறது. அந்தக் குரலை எந்தக் கட்டைக்குக் கொடுப்பது என்ற முறைதான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரோலண்ட் நிறுவனத்தின் ஜூனோ-106 என்ற சிந்தசைசரை (மின்சுற்றால் நாதம் எழுப்பும் கீபோர்டு) வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு நாள் சந்தித்த, அல்லது சந்திக்கப்போகிற பிரச்சினை இது. ஒரு தனிக் கருவியின் கதையாக இதைச் சொன்னால் பாதிதான் விளங்கும். ஒரு மாடல் முழுவதற்கும் வந்த நோயை, அதை வைத்திருந்தவர்களே கூடிக் கண்டறிந்து வைத்தியமும் பார்த்தது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

கருவி எப்படிப்பட்டது

1970-களின் கடைசியில் ஒரே நேரத்தில் பல ஸ்வரம் வாசிக்கக்கூடிய அனலாக் சிந்தசைசர் என்றால் பணக்காரர் சமாச்சாரம். 1978-ல் வந்த புராஃபெட்-5-க்கு ஐந்து குரல். விலை 4,000 டாலரை ஒட்டி. ரோலண்ட் 1982-ல் ஜூனோ-6, ஜூனோ-60 இரண்டையும் கொண்டுவந்து அந்த வேலியைக் கொஞ்சம் தாழ்த்தியது. 1984-ல் வந்த 106 இன்னும் தாழ்த்தியது. 61 கட்டை, ஆறு குரல், 128 பேட்ச் (சேமித்து வைக்கும் நாத அமைப்பு), அமெரிக்காவில் பட்டியல் விலை 1,095 டாலர். முந்தைய ஜூனோ-60-ல் மிடி (மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழி) கிடையாது, 56 பேட்ச்தான். 106-ல் மிடி இருந்தது மட்டுமல்ல, முகப்பில் இருக்கும் ஸ்லைடரைத் தள்ளினால் அந்த அசைவும் மிடி வழியாக வெளியே போகும். 1983-ல்தான் மிடி பிறந்தது. அதற்குப் பாடுபட்டதற்காக ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹஷிக்கும் புராஃபெட்டை வடிவமைத்த டேவ் ஸ்மித்துக்கும் 2013-ல் தொழில்நுட்ப கிராமி கிடைத்தது. ஒரு வருடக் குழந்தையாக இருந்த மிடியை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்திய கருவி இந்த விலையில் என்றால் யார் வாங்கமாட்டார்கள்?

விலை எப்படிக் குறைந்தது என்பதில்தான் பின்னால் வந்த நோயின் விதையும் இருக்கிறது. அதனால் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு குரலுக்கும் மூன்று படி. முதலில் அலையை உண்டாக்க வேண்டும்; பிறகு அதை ஃபில்ட்டரில் வடிக்க வேண்டும்; கடைசியில் சத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். பழைய அனலாக் கருவிகளில் முதல் படிதான் தலைவலி. மேடையில் விளக்குச் சூடு ஏறினால் சுருதி நழுவும், நழுவினால் பாட்டுக்கு நடுவில் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். ஜூனோ குடும்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. 106-ல் சுருதியைத் தீர்மானிப்பது ஒரு படிகக் கடிகாரம். அதன் துடிப்பை 8253 என்ற டைமர் ஐசி வகுத்துக் கொடுக்கிறது. ஒரு 8253-க்குள் எண்ணும் பகுதி (கவுண்டர்) மூன்று இருப்பதால் இரண்டு ஐசியில் ஆறு குரலும் அடங்கிவிடும். அதனால் ஒரு குரல் மட்டும் சுருதி விலகுவது ஜூனோவில் அநேகமாக நடக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயைத் தேடும்போது ஒரு கதவை முன்கூட்டியே மூடிவிட இது உதவும்.

எண்ணி வகுத்த துடிப்பை ரம்பம், சதுரம் என்று காதுக்கு இதமான அலையாக மாற்றுவது எம்சி5534ஏ என்ற சில்லு. இதில் மூன்று இருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு குரலுக்கு. அதற்கடுத்த ஃபில்ட்டரும் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியும் சேர்ந்து 80017ஏ என்ற ஒரே துண்டுக்குள் அடங்கியிருக்கின்றன. இது குரலுக்கு ஒன்று, ஆக ஆறு. ஜூனோ-60-ல் இதே வேலையை ஐஆர்3109 என்ற ஃபில்ட்டர் ஐசியும் பிஏ662 என்ற ஐசியும் சுற்றிலும் மின்தடைகளுமாகப் பெரிய போர்டில் பரந்து உட்கார்ந்து செய்தன. 106-ல் அவற்றின் குட்டி வடிவங்களைத் தீப்பெட்டியை விடச் சிறிய அட்டையில் நெருக்கிப் பொருத்தி, ஒரே வரிசையில் கால் வைத்து, கடைசியில் அட்டையைக் கருப்பு ரெசினில் முக்கி எடுத்தார்கள். பார்த்தால் கருப்பட்டிப் பாகில் தோய்த்த பலகாரம் மாதிரி இருக்கும். போர்டில் இடம் மிச்சம், கோக்கும் வேலை மிச்சம், ஈரமும் தூசியும் உள்ளே போகாது. 1984-ல் இது நல்ல பொறியியல்தான். நாற்பது வருடம் கழித்து யார் இதை வாசிப்பார்கள் என்று அன்றைக்கு யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

நோயின் முகங்கள்

கரகரப்பு ஒரு முகம்தான். வேறு சிலவும் உண்டு. ஒரு குரல் சுத்தமாக ஊமையாகும். வேகமாக வாசித்தால் ஆறுக்கு ஒரு ஸ்வரம் காணாமல் போய், நாமே விரலைத் தவறவிட்டோமோ என்று தோன்றும். ஒரு குரலின் ஃபில்ட்டர் திறந்தபடியே நிற்கும். மற்ற ஐந்தும் மெத்தென்று ஒலிக்க, அது மட்டும் தகரத்தில் கல் எறிந்த மாதிரி கூவும். இன்னொன்று, கட்டையிலிருந்து கை எடுத்த பிறகும் பின்னணியில் மெல்லிய முனகல் நிற்காமல் வந்துகொண்டிருப்பது. சத்தத்தை மூட வேண்டிய பகுதி முழுதாக மூடவில்லை என்று அர்த்தம்.

தொடக்கத்தில் நோய் நிலையாக இருக்காது. சில கருவிகளில் போட்டதும் கரகரத்து, சூடேறியதும் அடங்கும். சிலவற்றில் தலைகீழ், அரை மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். பழைய 106 வாங்கப் போகிறவர் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் எடுப்பது ஆபத்து. டீ வாங்கிக் கொடுத்தாவது அரை மணி நேரம் கருவியை ஓட விட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: பாலி 1, பாலி 2 என்ற இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஆறு குரலும் ஒரே கட்டைக்கு வந்துவிடும். யூனிசன் என்பார்கள். கூட்டுக் கச்சேரியில் ஒருத்தர் வாயை மட்டும் அசைப்பது தெரியாத மாதிரி, யூனிசனில் ஒரு குரல் செத்திருப்பது தெரியவே தெரியாது. விற்பவர் அந்த நிலையிலேயே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தால் பணிவாக பட்டனை மாற்றச் சொல்லுங்கள்.

போலி அறிகுறிகளும் உண்டு. ஜூனோவின் புகழுக்குப் பாதிக் காரணம் அதன் கோரஸ், பலர் சேர்ந்து பாடுகிற மாதிரி நாதத்தைத் தடிமனாக்கும் பகுதி. அதை இயக்குவது எம்என்3009 என்ற இரண்டு சில்லு. சத்தத்தை வாளி வாளியாகக் கைமாற்றித் தாமதப்படுத்தும் வகை. கோரஸ் போட்டதும் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஏறும். அது பிறவிக் குணம். பயந்துபோய் போர்டைக் கழற்ற வேண்டாம். ஸ்லைடரில் தூசி இருந்தால் தள்ளும்போது சத்தம் குதிக்கும், ஆனால் அது ஆறு குரலையும் ஒரே மாதிரி பாதிக்கும்.

நோயை எண்ணிப் பிடிப்பது

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. இதற்கு அலைக்காட்டி வேண்டாம், மல்டிமீட்டர்கூட வேண்டாம். காதும் ஆறு வரை எண்ணத் தெரிவதும் போதும்.

கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கருவியைப் போட்டால் அது சோதனை நிலைக்குப் போகும். அந்த நிலையில் ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்ற எண் முகப்பில் தெரியும். கோரஸை அணைத்துவிட வேண்டும். ரம்ப அலை மட்டும், ஃபில்ட்டர் முழுக்கத் திறந்து, ரெசனன்ஸ் (ஃபில்ட்டர் வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ஸ்லைடர்) பூஜ்யத்தில். இப்போது ஒவ்வொரு கட்டையாக, அவசரமில்லாமல். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் கரகர. ஐந்து, ஆறு. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் கரகர. மூன்று சுற்று அதே எண்ணில் வந்தால் நோயாளி நாலாம் குரல்.

அடுத்த சோதனை ஃபில்ட்டருக்கு. எல்லா அலையையும் அணைத்துவிட்டு ரெசனன்ஸை உச்சத்துக்குத் தள்ளினால் ஃபில்ட்டர் தானாகவே விசில் அடிக்கும். கீ ஃபாலோவை முழுக்கத் தள்ளினால் அந்த விசில் கட்டைக்குக் கட்டை சுருதி மாறிப் பாடவே செய்யும். ஆறு விசிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அரை ஸ்வரம் விலகி நின்றால் அது பெரும்பாலும் திருகு சரிசெய்யும் வேலைதான். விசிலே வரவில்லை, அல்லது வந்து விட்டு விட்டுத் துண்டாகிறது என்றால் சில்லைச் சந்தேகிக்கலாம்.

இனி எண்களை வைத்து யோசிக்க வேண்டியதுதான். ஆறும் கெட்டிருந்தால் குரல் சில்லைத் தொடவே வேண்டாம். மின்வழங்கி, கோரஸ், வெளியேறும் ஜாக் என்று பொதுவான இடங்களைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் என்றால் 80017ஏ. ஒன்றும் இரண்டும் சேர்ந்து, மூன்றும் நாலும் சேர்ந்து, ஐந்தும் ஆறும் சேர்ந்து என்று ஜோடியாகப் போனால்? அந்த இரண்டுக்கும் பொதுவாக அலை கொடுக்கும் எம்சி5534ஏ மேல் சந்தேகம் திரும்ப வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு 80017ஏ வாங்கிப் போட்டுவிட்டு, நோய் அப்படியே இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தால், செலவழித்த பணம் திரும்பி வராது.

உறுதிப்படுத்த இன்னொரு வழி: சந்தேகப்பட்ட 80017ஏ-யையும் நல்ல குரலின் 80017ஏ-யையும் இடம் மாற்றிப் போடுவது. கரகரப்பு சில்லோடு சேர்ந்து புது எண்ணுக்குப் போனால் வழக்கு முடிந்தது. பழைய எண்ணிலேயே நின்றால் அந்த இடத்துக்கு வரும் அலையிலோ கட்டுப்பாட்டு மின்னழுத்தத்திலோ குறை. போர்டில் எந்த இடம் எந்தக் குரல் என்பதை சர்வீஸ் மேனுவலைப் பார்த்து முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டால் பாதி ராத்திரியில் குழம்ப வேண்டியிருக்காது.

குற்றவாளி யார்?

ஒரு சில்லு செத்தால் சில்லு மோசம் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். இங்கே அந்த முடிவு நிற்கவில்லை. ஐஆர்3109 வேறு கருவிகளிலும் இருக்கிறது. 1982-ல் வந்த எஸ்எச்-101-ல் இருக்கிறது, ஜூனோ-60-ல் இருக்கிறது, விலை உயர்ந்த ஜூப்பிட்டர்-8-லும் இருக்கிறது. அந்தக் கருவிகளின் சொந்தக்காரர்கள் வேறு நூறு குறை சொல்வார்கள். ஃபில்ட்டர் வரிசையாகச் சாவதாக அவர்களிடம் புலம்பல் இல்லை. இன்னொரு பக்கம், 106-ன் கட்டைகள் இல்லாத பெட்டி வடிவச் சகோதரனான எம்கேஎஸ்-7-லும், ஸ்பீக்கர் பொருத்தி வீட்டுக்கென விற்ற எச்எஸ்-60-லும் 80017ஏ இருக்கிறது. அங்கேயும் அதே நோய்.

ரெசின் பூசாத இடத்தில் அந்த ஐசி பிழைத்திருக்கிறது, பூசிய இடத்தில் சாகிறது. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தட்பவெப்பத்தில், வெவ்வேறு கருவிகளைக் கையாண்டவர்களின் அனுபவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கோடு கண்ணில் படும். தன் வீட்டுக் கருவி ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஆயுசுக்கும் படாது.

பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் இது: வயதாக வயதாக ரெசின் தன் காப்புத்தன்மையை இழந்து லேசாக மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. ஃபில்ட்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் மிகச் சிறியவை, அவற்றில் ஓடுவது நூலிழை மின்னோட்டம். கால்களுக்கு நடுவே ரெசின் வழியாகத் துளி கசிந்தாலும் ஃபில்ட்டர் தடுமாறும், மூட வேண்டியது மூடாது. பாத்திரத்தில் ஓட்டை இல்லை, மூடி ஊறிப்போய்ச் சொட்டுகிறது என்கிற மாதிரி. பாதுகாக்கப் பூசியதே பகையாகிவிட்டது.

அசிட்டோன் வைத்தியம்

விளக்கம் சரியென்றால் ரெசினை எடுத்துவிட்டால் சில்லு பிழைக்க வேண்டும். செத்தது என்று தூக்கிப்போட்ட சில்லுகளில் பல அப்படியே பிழைத்தன. இந்த வைத்தியம் நிறுவனம் வெளியிட்ட எந்தக் குறிப்பிலிருந்தும் வரவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரவியது.

முதலில் கழற்ற வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒரே வரிசையில் நெருக்கமான கால்கள். எல்லாவற்றிலும் ஈயத்தை முழுக்க உறிஞ்சாமல் இழுத்தால் போர்டின் செம்புத் தடம் சில்லோடு உரிந்து வரும். பழைய ஈயம் சீக்கிரம் இளகாது. புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கிப் பிறகு உறிஞ்சினால் இறங்கும். ஒவ்வொரு காலையும் மெல்ல அசைத்துப் பார்த்து, எல்லாம் ஆடுகிறது என்று தெரிந்த பிறகே தூக்க வேண்டும்.

அடுத்து ஒரு கண்ணாடிக் குப்பி, உலோக மூடி. உள்ளே சுத்த அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது உதவாது. ரசாயனக் கடையில் கேட்டால் சுத்தமானது கிடைக்கும். எளிதில் தீப்பிடிக்கிற திரவம், ஆவியும் தலையைச் சுற்றும். சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் மொட்டை மாடியிலோ ஜன்னலோரத்திலோ வைப்பது உத்தமம்.

முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் கருப்புப் பூச்சு உப்பி, ஓரத்தில் சுருங்கி, ராத்திரி ஊறவைத்த பாதாம் தோல் மாதிரி நெகிழ்ந்திருக்கும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். தானாக விட்டுக்கொடுக்கிற அளவுக்கு ஊறினால்தான் எடுக்க வேண்டும். மரப் பல்குச்சி, பழைய மென்மையான டூத் பிரஷ், அவ்வளவுதான் ஆயுதம். பூச்சு விலக விலக உள்ளே பச்சையாக அட்டையும், அரிசிக் குருணை அளவுக்கு மின்தடைகளும், குட்டிக் குட்டி ஐசிகளும் வெளிச்சத்துக்கு வரும். நாற்பது வருடமாக யாரும் பார்க்காத முகம்.

நான் முதன்முதலில் பழகிப் பார்த்தது வேறொரு போர்டிலிருந்து வந்த செத்த சில்லில். ஒரு நாள்கூட முழுதாக ஊறவிடப் பொறுமையில்லை, நடுவில் பிடிவாதமாக ஒட்டியிருந்த ஒரு துண்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினேன். துண்டு வந்தது, கூடவே ஒரு மின்தேக்கியும் வந்தது. பதறிப்போய் மறுபக்கம் பிடித்ததில் ஓரத்துக் கால் ஒன்று ‘டிக்’ என்று ஒடிந்தது. இன்னும் இருபது மணி நேரம் காத்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும். அந்த மின்தேக்கி தரையில் எங்கே விழுந்தது என்று டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை.

சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு, பிறகு மாட்ட வேண்டும். நேராக போர்டில் பற்றவைக்காமல் ஐசி பேஸ் (சில்லைச் சொருகி எடுக்கும் இருக்கை) வைத்து மாட்டுவது என் கட்சி. ஒரே வரிசை பேஸ் சென்னை ரிச்சி தெருவில் கீற்றாகவே கிடைக்கும், வேண்டிய நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளலாம். அடுத்த முறை இடம் மாற்றிச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும், செம்புத் தடத்துக்கும் மறுபடி சூடு படாது.

ஊறவைப்பதா, புதிதாக மாட்டுவதா?

இதில்தான் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்பார்கள். 80017ஏ-க்குப் பதிலாக இன்றைய பாகங்களை வைத்து, ரெசின் இல்லாமல், அதே கால் அமைப்பில் செய்த மாற்றுச் சில்லுகள் கிடைக்கின்றன. ஐஆர்3109-க்கும் பிஏ662-க்குமே இப்போது நகல்கள் வருகின்றன. ரெசின் நீக்கும் வைத்தியத்துக்குச் செலவு ஒரு குப்பி அசிட்டோன், மூன்று நாள் பொறுமை. ஆனால் எல்லாச் சில்லும் பிழைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, பிழைத்ததும் வயதானதுதான். மாற்றுச் சில்லுக்குக் காசு ஆகும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் சேரும். மாட்டினால் தலைவலி விட்டது.

நாதம் மாறுமா என்று கேட்டால் கோரஸ் போட்டுச் சில ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது வித்தியாசம் சொல்கிறவர் காதை நான் கும்பிடுவேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு அழுத்தமான கருத்து: ஒன்று செத்து ஐந்து உயிரோடு இருந்தால், மற்ற ஐந்தையும் அதே சமயத்தில் கழற்றி ஊறவைத்துவிடுவது நல்லது. எல்லாம் ஒரே வயது, ஒரே பூச்சு. ஒவ்வொன்றாகச் சாகும்வரை காத்திருந்தால் ஆறு முறை போர்டைத் திறக்க வேண்டியிருக்கும். ‘ஓடுகிற வண்டியைத் தொடாதே’ என்பவர்களும் இருக்கிறார்கள். கழற்றும்போது நல்ல சில்லையே கொன்றுவிடக்கூடும் என்பது அவர்கள் வாதம். என் மின்தேக்கிக் கதையைக் கேட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படும். கை பழகாதவர் அவர்கள் பேச்சையே கேட்கலாம்.

எனக்குச் சங்கடமாக இருப்பது வேறொன்று. ஆறு சில்லுக்காக ஒரு நல்ல எம்கேஎஸ்-7-ஐ உடைத்துப் பாகமாக்குவது. மாற்றுச் சில்லு கிடைக்காத காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது என்ன காரணம்?

சில்லு மாட்டியதோடு வேலை முடியாது

புதுச் சில்லோ ஊறவைத்ததோ, ஆறும் ஒரே குடும்பமாக ஒலிக்கத் திருகு சரிசெய்ய வேண்டும். ஃபில்ட்டரின் தொடக்கச் சுருதி, கட்டைக்குக் கட்டை அது ஏறும் அளவு, ரெசனன்ஸ், சத்தத்தின் அளவு என்று குரலுக்குக் குரல் தனித்தனியாகச் சின்னச் சின்னத் திருகுகள் போர்டில் இருக்கின்றன. வரிசை முக்கியம், சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி போகாமல் நடுவில் ஒன்றைத் தொட்டால் முன்னால் செய்தது கலையும். விசில் சோதனை இங்கே மறுபடி கைகொடுக்கும். ஒரு சுருதி மீட்டரை வைத்து ஆறு விசிலையும் ஒரே இடத்துக்கு இழுத்துவர வேண்டும். கருவியைப் போட்டு அரை மணி நேரமாவது சூடேறிய பிறகு செய்தால்தான் நிற்கும்.

திறந்த கையோடு பேட்டரியையும் பார்த்துவிடலாம். பேட்ச்களைக் காப்பது 3 வோல்ட் சிஆர்2032 ஒன்று. கழற்றினால் 128-ம் போய்விடும். அதற்கு முன்னால் மிடி வழியாகவோ, பின்னால் இருக்கும் டேப் ஜாக் வழியாக ஒலியாகவோ சேமித்துக்கொள்ள வேண்டும். ஒரு பேட்ச் என்பது வெறும் 18 பைட் தகவல்: ஸ்லைடர்களுக்கு 16, சுவிட்சுகளுக்கு 2. சிஆர்2032 தீர்ந்தாலும் சாதுவாகத்தான் தீரும். 1981-ல் வந்த கோர்க் பாலிசிக்ஸ்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதிலிருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து போர்டின் தடங்களையே அரித்துவிடும். பாலிசிக்ஸ் வைத்திருப்பவர்கள் நலம் விசாரிக்கும்போதே ‘பேட்டரியை எடுத்துட்டீங்களா’ என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஜப்பானிலிருந்து நேராக வந்த கருவி என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. பின்பக்க வில்லையில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் அதற்கப்புறம் குரல் சில்லைப் பற்றிக் கவலைப்பட அவசியமே இருக்காது. தரமான ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி கருவியோடு சேர்த்தே வைத்துவிடுவது நிம்மதி. தனியாக வைத்தால் வீடு மாறும்போது கருவி மட்டும் போகும்.

எழுதி வைப்பது

இந்த நோய்க்கு வைத்தியம் பிறந்ததே சிலர் விவரமாகச் சொன்னதால்தான். ‘சரியாயிடுச்சு, நன்றி’ என்று முடித்துக்கொண்டவர்களால் யாருக்கும் பயனில்லை. எத்தனை நாள் ஊறவைத்தேன், ஆறில் எத்தனை பிழைத்தது, எதை உடைத்தேன் என்று சொன்னவர்களால்தான் அடுத்தவர் தைரியமாகக் குப்பியை எடுத்தார். தோற்றதைச் சொன்னவர்களுக்குக் கூடுதல் புண்ணியம். ஜோடியாகக் கெட்டால் எம்சி5534ஏ என்ற பாடமே, 80017ஏ மாற்றியும் சரியாகவில்லை என்று வெட்கப்படாமல் சொன்னவர்கள் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் பதிந்தது.

பழைய கருவியைத் திறந்தால் முன்னால் கை வைத்தவர் ஒரு வரிகூட எழுதாமல் போயிருப்பார். எந்தச் சில்லு அசல், எது மாற்று, பேட்டரி எந்த வருடத்தது, ஒன்றும் தெரியாது. அதனால் இந்த வேலை செய்கிறவர் மூடுவதற்கு முன்னால் ஒரு தாளை உள்ளே ஒட்டிவிட வேண்டும். பெரிய இலக்கியம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

‘குரல் 4: 80017ஏ, கரகரப்பு, சூடேறியதும் அதிகம். மூன்று நாள் அசிட்டோன். பிழைத்தது. குரல் 2: ஊறவைத்தும் விசில் வரவில்லை, மாற்றுச் சில்லு. 1, 3, 5, 6: நோய் இல்லை, முன்னெச்சரிக்கையாக ரெசின் நீக்கியது. ஆறுக்கும் ஐசி பேஸ். பேட்டரி புதிது. குரல் 6-ன் ஓரத்துக் கால் என் கையில் ஒடிந்தது, கம்பி வைத்து நீட்டியிருக்கிறேன்; கழற்றும்போது அந்தப் பக்கம் மட்டும் பார்த்து இழுக்கவும்.’